கடலில் பிறந்த சொற்கள்

இத்திங்கள் ‘சொல்லும் பொருளும்’ பகுதியில் திருமணச் சடங்குகளில் வழங்கும் சொற்களைப் பற்றி எழுதுவதாகச் சென்ற இதழில் வாக்களித்திருந்தோம். அவ்வாக்கினை ஒரு திங்கள் தள்ளிப்போட நேர்ந்தது. நம் சங்கத்தின் ஞாயிறு தமிழ் வகுப்பில் நிகழ்ந்த ஒரு சிறு நிகழ்ச்சியே அதற்குக் காரணம். அதில் தவறு நம்முடையது. ஆகவே மறையாது கூறிவிடுகிறோம்.

நான்காம் வகுப்பிற் படிக்கும் சிறுவன் ஒருவன், பள்ளியின் மாறுவேடப் போட்டிக்கெனக் கடற்கொள்ளையன் வேடம் புனைந்து, அவ்வேடத்துடனேயே நம் வகுப்பிற்கு வந்தான். ஒரு கண்ணை மறைத்த கறுப்புத் துணி, இடையில் அட்டைக் கத்தி, வாயில் ‘ஆர்ர்’ என்னும் உறுமல். பிள்ளைகள் சிரித்து மகிழ்ந்தனர், நாமும் மகிழ்ந்தோம். “கப்பலில் உள்ள பொருள்களுக்கும் ஆள்களுக்கும் தமிழில் என்ன பெயர் என்று எழுதிக்கொண்டு வா, தம்பி” என்று அவனுக்கு வீட்டுப்பாடம் தந்தோம்.

மறு ஞாயிறு அவன் ஒரு பக்கம் நிறையச் சொற்கள் எழுதி வந்தான். பாய்மரம், கயிறு, தோணி, நங்கூரம் ஆகியவற்றிற்குச் ‘சரி’ என்று குறியிட்டோம். மாலுமி, சுக்கான், சாரங்கு, தண்டல், ஆரியா என்னும் ஐந்தினையும் சிவப்பு மையால் அடித்து, ‘இவை தமிழல்ல’ என்று ஓரத்தில் எழுதினோம். மாலுமிக்கு மேலே ‘மீகாமன்’ என்று திருத்தமும் செய்தோம். நல்ல பணி செய்துவிட்டதாகவே எண்ணியிருந்தோம்.

அதற்கடுத்த ஞாயிறு அச்சிறுவனின் பாட்டனார் குறிப்பேட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். தூத்துக்குடிக்காரர். இளமையில் பாய் விரித்தோடும் தோணிகளில் கொழும்புக்குச் சரக்கேற்றிச் சென்றவர். பின்பு மும்பைக்கு வந்து, துறைமுகத்தில் பாரந்தூக்கிகளின் அருகே நெடுங்காலம் உழைத்து ஓய்வு பெற்றவர்.

“வாத்தியாரையா, இந்தச் சொற்களையெல்லாம் பேரனுக்குச் சொன்னவன் நான்தான். தமிழில்லை என்று அடித்திருக்கிறீர்கள். படித்தவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். எனக்குத் தெரிந்தது இந்தத் தமிழ்தான். இனி அவனிடம் வாயைத் திறந்து அவன் தமிழைக் கெடுக்கமாட்டேன். நீங்களே பார்த்துச் சொல்லிக் கொடுங்கள்” என்றார்.

அவர் குரலில் சினம் இல்லை. குறையிரக்கும் தொனியும் இல்லை. கணக்கை முடித்துக் கொடுப்பவர் போலக் குறிப்பேட்டைக் கொடுத்துவிட்டுப் போனார். மருமகளும் மகனும் பகலெல்லாம் அலுவலில் இருக்கும் அவ்வீட்டில், அச்சிறுவனோடு தமிழில் பேசுகிறவர் அவர் ஒருவரே என்பதைப் பின்னரே அறிந்தோம். நம் சிவப்பு மை அந்த ஒரு வாயையும் அடைத்துவிட்டது. அன்றிரவு அகராதிகளையும் கடலோடிகளைப் பற்றிய நூல்களையும் எடுத்துவைத்துக்கொண்டு அமர்ந்தோம். அவற்றில் நாம் கண்டதையே இங்கு எழுதுகிறோம்.

முதலில் அந்த ‘ஆர்ர்’. சிறுவன் கொண்டுவந்த சொற்களுள் நாம் ஐயுறாது விட்டது அது ஒன்றே; உண்மையிற் போலியானதும் அதுவே. 1883இல் நூலாக வெளிவந்த ‘புதையல் தீவு’ என்னும் ஆங்கிலக் கதையை 1950இல் திரைப்படமாக்கினார்கள். அதில் கொள்ளையர் தலைவனாக நடித்த ராபர்ட் நியூட்டன், தாம் பிறந்த மேற்கு இங்கிலாந்தின் பேச்சு வழக்கை மிகைப்படுத்தி உறுமினார். அவ்வுறுமலே உலகெங்கும் கொள்ளையரின் மொழியாகப் பரவிவிட்டது. மெய்யான கொள்ளையர்க்குத் தனிமொழி ஏதும் இல்லை. அவர்களுட் பெரும்பாலார் வணிகக் கப்பல்களிலும் போர்க்கப்பல்களிலும் முன்னர் ஊழியம் செய்த மாலுமிகளே. பாயை இறக்கவும் கயிற்றை இழுக்கவும் வேண்டிய அதே சொற்களையே அவர்களும் பேசினர்.

அச்சொற்கள் எப்படிப் பிறந்தன? ஆங்கிலக் கப்பலில் வலப்புறத்தை ‘ஸ்டார்போர்டு’ என்பர். விண்மீனுக்கும் அதற்கும் தொடர்பில்லை. பழங்காலப் படகுகளில் திசை திருப்பும் துடுப்பு வலப்பக்கத்தில் கட்டப்பட்டிருந்தது; ‘திருப்பும் பக்கம்’ என்பதே அச்சொல்லின் பொருள். துடுப்பு வலப்புறம் இருந்தமையால், அது நசுங்காதிருக்க இடப்புறத்தையே கரையோடு அணைத்துச் சரக்கேற்றினர். ஆகவே இடப்புறம் ‘லார்போர்டு’, அதாவது சரக்கேற்றும் பக்கம் ஆயிற்று. ஆனால் புயலின் இரைச்சலில் ‘ஸ்டார்போர்டு’ என்பதும் ‘லார்போர்டு’ என்பதும் செவிக்கு ஒன்றுபோல் ஒலித்தன. வலமென்று கூவியதை இடமென்று கேட்டுத் திருப்பினால் கப்பல் பாறையில் மோதும். எனவே 1844இல் ஆங்கிலக் கடற்படைத் தலைமை, லார்போர்டு என்னும் சொல்லை விலக்கிப் ‘போர்ட்’ என்பதையே வழங்குமாறு ஆணையிட்டது. நூற்றாண்டுகளாகப் புழங்கிய பழஞ்சொல்லாயிற்றே என்று அவர்கள் தயங்கவில்லை. கடலில் சொல்லுக்குரிய முதற் கடமை கேட்பவனுக்கு விளங்குவது.

கப்பலின் வேகத்தை ‘நாட்’ என்னும் அளவாற் கூறுகிறார்கள். அதற்கு முடிச்சு என்பது பொருள். ஒரு மரத்துண்டைக் கயிற்றில் கட்டிக் கப்பலின் பின்புறத்திலிருந்து கடலில் எறிவார்கள். கயிற்றில் 47 அடி 3 அங்குலத்திற்கு ஒரு முடிச்சு. 28 விநாடியில் ஒழியும் மணற்குடுவையைத் திருப்பி வைத்து, அது ஒழிவதற்குள் எத்தனை முடிச்சுகள் கைவழியே நழுவின என்று எண்ணுவார்கள். ஐந்து முடிச்சு நழுவினால் மணிக்கு ஐந்து கடல் மைல். அந்த மரத்துண்டுக்கு ‘லாக்’ என்று பெயர். அக்கணக்கை எழுதிய ஏடு ‘லாக் புத்தகம்’ ஆயிற்று. இன்று நம் பிள்ளைகள் கணினியின் முன்னமர்ந்து ‘லாக் இன்’ செய்கிறோம் என்கிறார்களே, அதன் வேரும் கடலில் எறிந்த அந்த மரத்துண்டுதான்.

ஆங்கிலேயர் தம் கடற்சொற்களையெல்லாம் தாமே ஆக்கிக்கொண்டாரல்லர். கப்பலின் மேல்தளத்தைக் குறிக்கும் ‘டெக்’, தலைவனைக் குறிக்கும் ‘ஸ்கிப்பர்’ ஆகியவை டச்சுக்காரரிடமிருந்து வந்தவை. கடற்படைத் தலைவரைக் குறிக்கும் ‘அட்மிரல்’, ‘அமீர்’ என்னும் அரபுச் சொல்லின் வழிவந்தது. ‘மான்சூன்’ என்பது பருவத்தைக் குறிக்கும் ‘மௌசிம்’ என்னும் அரபுச் சொல் போர்ச்சுக்கீசியர் நாவழியே திரிந்தது. இங்கே அண்டை வீட்டார் ‘மௌசம்’ என்கிறார்களே, அதுவும் அச்சொல்லே.

கொள்ளையரைக் குறிக்கும் பெயர்களும் இவ்வாறே. ‘பக்கனீர்’ என்பார் பதினேழாம் நூற்றாண்டில் கரீபியக் கடலில் திரிந்த கொள்ளையர். முதலில் அவர்கள் ஹிஸ்பானியோலா தீவில் காட்டு மாடுகளையும் பன்றிகளையும் வேட்டையாடி, இறைச்சியை மரச்சட்டத்தின்மேல் பரப்பிப் புகையிலிட்டு வாட்டி விற்றவர்கள். அச்சட்டத்திற்கு அமெரிக்கப் பழங்குடியினர் மொழியிலிருந்து வந்த பெயர் ‘பூக்கான்’. இறைச்சி வாட்டியவர்கள் கப்பலேறிக் கொள்ளையடிக்கத் தொடங்கிய பின்னரும் பழைய தொழிற்பெயர் அவர்களை விடவில்லை.

ஒரு பெயர் ஒருவர் உயிரையே போக்கியதும் உண்டு. எதிரி நாட்டுக் கப்பல்களைத் தாக்க அரசாங்கத்தாரிடம் உரிமைச் சீட்டுப் பெற்றவன் ‘பிரைவட்டீர்’. சீட்டின்றித் தாக்கியவன் ‘பைரேட்’. இருவர் செயலும் ஒன்றே. இடையில் நிற்பது ஒரு காகிதம். வில்லியம் கிட் என்பவர் அத்தகைய உரிமைச் சீட்டுடன் இந்துமாக்கடலுக்கு வந்தார். 1698இல் மலையாளக் கரைக்கு அப்பால் ‘குவேதா மெர்ச்சன்ட்’ என்னும் கப்பலைப் பிடித்தார். அக்கப்பலில் பிரெஞ்சுக்காரர் அளித்த அனுமதிச் சீட்டு இருந்தது. பிரெஞ்சுக்காரர் அன்று இங்கிலாந்துக்குப் பகைவர். ஆகவே தாம் செய்தது முறையே என்பது அவர் வழக்கு. வழக்குமன்றத்தில் அச்சீட்டுகள் அவர் கைக்குக் கிட்டவில்லை. ‘பைரேட்’ என்று தீர்ப்பாகி, 1701இல் லண்டனில் தூக்கிலிடப்பட்டார். அவர் கூறிய சீட்டுகள் இருபதாம் நூற்றாண்டில் ஆவணக் குவியலிடையே அகப்பட்டன.

நாம் வாழும் கொங்கணக் கரையிலும் இத்தகைய கதை உண்டு. மராட்டிய அரசின் கடற்படைத் தலைவராய்ச் ‘சர்க்கேல்’ என்னும் பட்டம் தாங்கி, 1729இல் மறைந்தவர் கானோஜி ஆங்கரே. தம் கடலில் ஓடும் கப்பல்கள் தம் அனுமதிச் சீட்டைப் பெறவேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். கிழக்கிந்தியக் கம்பெனியார் அதற்கு இணங்கவில்லை. தம் ஏடுகளில் அவரைக் ‘கொள்ளையர்’ என்றே எழுதினர். 1951இல் நம் நாட்டுக் கடற்படை, மும்பையிலுள்ள தன் கரைத்தளம் ஒன்றிற்கு ‘ஆங்கரே’ என்று அவர் பெயரையே சூட்டியது. ஒருவரைத் தள்ளவும் கொள்ளவும் ஒரு சொல் போதும். இதை வாசித்தபோது, பெரியவரின் குறிப்பேட்டில் நாம் எழுதிய ‘இவை தமிழல்ல’ என்னும் இரு சொற்கள் நம் நினைவுக்கு வந்தன.

இனி அவர் சொன்ன சொற்களுக்கு வருவோம். பாய்மரக் காலத்தில் இந்துமாக்கடலில் ஓடிய ஐரோப்பியக் கப்பல்களில் நம் நாட்டு மாலுமிகள் ஆயிரக்கணக்கில் வேலை செய்தனர். அவர்களை ‘லஸ்கர்’ என்றழைத்தனர்; படை என்று பொருள்படும் ‘லஷ்கர்’ என்னும் பாரசீகச் சொல்லின் திரிபு அது. ஒரே கப்பலில் வங்காளியும் குஜராத்தியும் கொங்கணியரும் மலையாளியும் இருப்பர், அரபியரும் மலாய்க்காரரும் இருப்பர், கட்டளையிடுபவன் ஆங்கிலேயன். காற்று மாறும் கணத்தில் அத்தனை பேரும் ஒரே கயிற்றை ஒருங்கே இழுத்தாக வேண்டும். அதற்காகப் பலமொழிச் சொற்கள் கலந்து ஒரு கப்பற்பேச்சு உருவாயிற்று. அதனை ‘லஸ்கரி’ என்பர். சென்னைப் படையைச் சேர்ந்த தாமஸ் ரோபக் என்னும் அதிகாரி, அச்சொற்களைத் தொகுத்து 1811இல் கல்கத்தாவில் ஓர் அகராதியே வெளியிட்டார். கட்டளை விளங்காவிடில் கப்பல் ஓடாது என்பதை அறிந்த வெள்ளை அதிகாரிகளுக்கு அந்நூல் வேண்டியிருந்தது. அப்பேச்சில் இடப்புறம் ‘டாவா’, வலப்புறம் ‘ஜம்னா’. முன்னது மராட்டியர் வீட்டுச் சொல். பின்னது குஜராத்தியர் வீட்டுச் சொல். கப்பலின் இரு பக்கங்களையும் இரு மொழிகள் பகிர்ந்துகொண்டன.

நாம் அடித்த சொற்கள் ஐந்தும் இக்கடலின் சொத்து. ‘சுக்கான்’ என்பது கப்பலைத் திருப்பும் கருவிக்குரிய அரபுச் சொல். சுக்கான் பிடிப்பவனை லஸ்கரியில் ‘சுக்கானி’ என்றனர்; ஆங்கிலேயர் அதனையும் தம் நாவிற்கேற்பச் ‘சீகன்னி’ என்று மாற்றி எழுதிக்கொண்டனர். ‘சாரங்கு’, தலைவன் என்னும் பொருளுடைய ‘சர்ஹங்’ என்னும் பாரசீகச் சொல். லஸ்கர்களைத் திரட்டிக் கப்பலேற்றியவனும், அதிகாரியின் கட்டளையை அவர்களுக்கு விளங்கச் சொன்னவனும் அவனே. ‘தண்டல்’ என்னும் பெயர் நம் கடற்கரையில் படகின் தலைவனைக் குறிக்கும். யாழ்ப்பாணத்தார் ‘தண்டையல்’ என்பர். இங்குள்ள மீனவ மக்களிடையே ‘தாண்டேல்’ என்று குடும்பப் பெயராகவே அது விளங்குகிறது. நம் அண்டை வீட்டுத் தாண்டேலும் தூத்துக்குடித் தண்டலும் பெயரளவில் உடன்பிறந்தார் என்பதை எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்?

‘ஆரியா’ என்பது இறக்கு என்னும் கட்டளை. பாயை இறக்குவதற்குரிய ‘அரியார்’ என்னும் போர்ச்சுக்கீசியச் சொல்லை அதில் காண்கிறோம். தூக்கு என்பதற்கு ‘ஹபீஸ்’. பாய்க்கப்பல்கள் மறைந்தும் இவ்விரு சொற்களும் மறையவில்லை. துறைமுகத்திலும், உயர்மாடங்கள் எழும் இடங்களிலும், பாரந்தூக்கியை இயக்குபவனை நோக்கிக் கீழிருப்பவன் இன்றும் அவ்வாறே கூவுகிறான். தலைக்குமேலே இரும்புத்தூண் தொங்கும்போது ‘ஆரியா’ என்பதற்குப் பதிலாக நாம் ஆக்கித் தரும் செந்தமிழ்த் தொடரைச் சொல்லிக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்று பெரியவர் நம்மைக் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

இறுதியாக ‘மாலுமி’. அரபு மொழியில் ‘முஅல்லிம்’ என்பதன் திரிபு அது. விண்மீன்களையும் காற்றையும் கற்றறிந்து கப்பலுக்கு வழிசொல்பவனை அரபியர் அப்பெயரால் அழைத்தனர். அதன் நேர்ப்பொருள் யாது தெரியுமா? ஆசிரியர். ஆசிரியர் என்று பொருள்படும் சொல்லை, ஆசிரியராய் அமர்ந்திருந்த நாமே அடித்தோம். நாம் ‘சரி’யிட்ட நங்கூரமோ, ‘லங்கர்’ என்னும் பாரசீகச் சொல்லின் வழிவந்தது என்று தமிழகராதி கூறுகிறது. நமக்குப் பழகியதைத் தமிழென்றும் பழகாததைப் பிறமொழியென்றும் தள்ளியிருக்கிறோம். அவ்வளவே நம் புலமை.

நாம் பெற்றதை மட்டும் சொல்லி நிறுத்தினால் கணக்கு ஒருபக்கமாகிவிடும், கொடுத்ததும் உண்டு. வில்லியம் டேம்பியர் என்னும் ஆங்கிலேயர் பக்கனீர்களோடு கூடித் திரிந்து உலகைச் சுற்றியவர். 1690ஐ ஒட்டிச் சென்னைக் கோட்டைக்கும் வந்தவர். 1697இல் அவர் வெளியிட்ட பயண நூல் பலராலும் விரும்பிப் படிக்கப்பெற்றது. சோழமண்டலக் கரையில் மரங்களைப் பிணைத்துக் கடலோடும் மக்களை அதில் விவரித்து, அக்கலத்தின் பெயர் ‘கட்டமரான்’ என்று எழுதினார். கொள்ளையரோடு திரிந்த ஒருவர் நம் கட்டுமரத்தைப் பொன்போல் எடுத்துச் சென்று ஆங்கில வாசகரிடம் சேர்த்தார். இன்று அச்சொல் இரட்டை உடலுடைய உல்லாசப் படகைக் குறிக்கிறது. பொருள் மாறினும் ஒலி நம்முடையது.

அச்சொல் அவ்வளவு தொலைவு சென்றது எதனால்? சென்னைக்குச் செயற்கைத் துறைமுகம் அமையாத காலத்தில் கப்பல்கள் கரைக்கு அப்பால் நின்றன. படகுகள் இறங்க அஞ்சும் அலையிலும் கட்டுமரக்காரன் இறங்கினான்; பனையோலைத் தொப்பிக்குள் கடிதங்களை நனையாது வைத்துக் கப்பலுக்கும் கரைக்கும் இடையே கொண்டு சேர்த்தான். அவனுக்கு நிகரானவன் அங்கில்லை. ஆகவே அவன் கலத்தின் பெயரை வந்தவர்கள் கற்றுக்கொண்டனர். தோணியும் இவ்வாறே ஆங்கிலத்தில் ‘டோனி’ ஆயிற்று. மலையாளமும் தமிழும் பொதுவாகக் கொண்ட கயிறு ‘காயர்’ ஆயிற்று. தேக்கு ‘டீக்’ ஆயிற்று. அத்தேக்கினால் மும்பையில் வாடியா குடும்பத்தார் ஆங்கிலக் கடற்படைக்குக் கப்பல்கள் கட்டினர். 1817இல் இங்கு நீரில் இறக்கப்பட்ட ‘டிரிங்கோமலி’, அதாவது திருகோணமலை என்னும் பெயருடைய கப்பல், இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் நகரில் இன்றும் மிதந்து நிற்கிறது.

அன்பர்களே, இவற்றையெல்லாம் வாசித்து முடித்தபோது நமக்குத் தெளிவானது ஒன்று. சொல் வாழ்வது தொழிலில். கடலில் ஒரு சொல்லைக் காத்தது பிறப்பன்று. அதைக் கொண்டு வேலை நடந்தது என்பதே. ‘மீகாமன்’ அழகிய சொல், இலக்கியத்தில் வீற்றிருக்கிறது, அதனைப் பிள்ளைகள் கற்கத்தான் வேண்டும். ஆனால் மாலுமியை அடித்துத்தான் மீகாமனைக் கற்பிக்க வேண்டுமென்பதில்லை.

அப்படியாயின் நம் பிள்ளைகள் எதையும் எதனோடும் கலந்து பேசலாமா என்று சில பெற்றோர் கேட்பர். கேட்கவேண்டிய கேள்வியே. சுக்கான் வந்தபோது அதனோடு ஒரு தொழிலும் ஒரு கடல்வழியும் வந்தன. கதவு இருக்க ‘டோர்’ என்பதும், சோறு இருக்க ‘ரைஸ்’ என்பதும் நமக்கு எதையும் கொண்டுவருவதில்லை; இருப்பதைக் கொண்டு போகின்றன. இவ்வேறுபாட்டைப் பிள்ளைகளுக்கு உணர்த்தலாம். அதற்கு வழி சிவப்பு மையன்று. வீட்டு வேலைகள் தமிழில் நடப்பதே. அரிசி களையும்போதும் கொடியில் துணி உலர்த்தும்போதும் கடைக்கணக்குப் பார்க்கும்போதும் பிள்ளையை அருகில் வைத்துக்கொண்டு தமிழில் ஏவினால், தமிழ் அவன் கையில் தங்கும். வாரத்தில் ஒரு மணி நேரம் நாம் கரும்பலகையில் எழுதுவதால் மட்டும் அது தங்கிவிடாது. வீட்டில் முதியவர் இருப்பின் அவர் பேசுவது எவ்வூர்த் தமிழாயினும் பேசட்டும். மதுரையாயினும் கோவையாயினும் நாகர்கோவிலாயினும், ஆலையில் கற்றதாயினும் இரயில்வேயில் கற்றதாயினும், அதனைத் திருத்தப் புகாதீர்கள். நாம் ஒருமுறை புகுந்து பட்டது போதும்.

சென்ற வாரம் பெரியவர் இல்லத்திற்குச் சென்றோம். குறிப்பேட்டில் அடித்த ஐந்து சொற்களுக்கும் எதிரே நம் கைப்பட ‘சரி’ என்று எழுதி, அவர் முன்னிலையிலேயே பேரனிடம் கொடுத்தோம். மாலுமி என்பதன் பொருளையும் சொன்னோம். பெரியவர் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பின்பு, “அப்படியானால் எங்கள் தோணி மாலுமியும் ஒரு வாத்தியார்தானா?” என்று கேட்டுச் சிரித்தார். ஒரு ஞாயிறு வகுப்பிற்கு வந்து, கயிற்றில் இடும் முடிச்சுகளையும் அவற்றின் பெயர்களையும் பிள்ளைகளுக்குக் காட்டவேண்டும் என்று வேண்டினோம். “பார்க்கலாம், வாத்தியாரையா” என்றார். வருவதாக அவர் உறுதி சொல்லவில்லை. நாம் புறப்படும்போது உள்ளேயிருந்து சிறுவனின் குரல் கேட்டது: “தாத்தா, ஹபீஸ் என்றால் மேலேயா, கீழேயா?” அவர் விடை சொல்லத் தொடங்கியதைக் கேட்டுக்கொண்டே படியிறங்கினோம்.

உங்கள் இல்லத்து முதியோர் தம் தொழிலில் வழங்கிய சொற்களை எழுதியனுப்பினால், அடுத்தடுத்த இதழ்களில் அவற்றை இப்பகுதியில் வெளியிடுவோம். திருமணச் சொற்கள் அடுத்த திங்கள் தவறாது வரும்.